பனி விழாத வேட்டைக்காலம்

கசாக் மொழியில் 'சோனார்' என்றொரு சொல் உண்டு. நீர்மூழ்கிக் கப்பலில் இருக்கிற கருவியை நினைக்காதீர்கள். புதிதாக விழுந்த பனியில் மிருகத்தின் காலடித் தடத்தைப் பார்த்துக்கொண்டே போகும் வேட்டைக்குத்தான் அந்தப் பெயர். அதிலும் அந்தக் குளிர்காலத்தின் முதற்பனியில் போகும் வேட்டைக்குத் தனியாக 'கன்சோனார்' என்று பெயர். கசாக்கியர்கள் தங்கள் பெருங்கவிஞராகக் கொண்டாடும் அபாய் 1882இல் கழுகு வேட்டையைப் பற்றி ஒரு கவிதை எழுதினார். அந்த வேட்டையும் முதற்பனி நாளில்தான் தொடங்குகிறது.

கழுகைக் கொண்டு நரி பிடிக்கிறவருக்குக் கழுகு வேண்டும், குதிரை வேண்டும். இது யாருக்கும் விளங்கும். மூன்றாவதாகப் பனி வேண்டும் என்பதைத்தான் இந்தச் சொல் சொல்கிறது. பனி விழாவிட்டால் தடம் இல்லை. தடம் இல்லாவிட்டால் நரி எந்தப் பள்ளத்தில் படுத்திருக்கிறது என்று தெரியாது. வறட்சி என்றவுடன் நாங்கள் வெடித்த வயலையும் காய்ந்த கிணற்றையும் நினைக்கிறோம். அல்தாய் மலையில் வறட்சி தை மாதத்திலும் வரும். வெளியே கழிவு 30 பாகை குளிர், ஆனால் நிலம் வெறுமையாகக் காய்ந்து கிடக்கும்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். மங்கோலியாவின் மேற்கு நுனியில், ரஷ்யாவும் சீனாவும் தொடுகிற மூலையில், பாயன்-உல்கீ என்றொரு மாகாணம் இருக்கிறது. தலைநகர் உலான்பாத்தரில் இருந்து தரைவழியாகப் போனால் ஏறத்தாழ 1,700 கிலோமீற்றர். அங்கு வாழ்கிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் மங்கோலியர் இல்லை, கசாக்கியர். மொழி வேறு, மதம் வேறு. உலகத்தில் இன்று பொன்னாங்கழுகை வைத்து வேட்டையாடுகிறவர்கள் அதிகமாக இருப்பது இங்கேதான். கசாக்ஸ்தானில் இல்லை. அது ஏன் என்ற கேள்விக்குப் பிறகு வருகிறேன்.

வேட்டைக்குப் பெண் கழுகைத்தான் எடுப்பார்கள். ஆணைவிடப் பெரியது, துணிச்சலும் கூட. 5, 6 கிலோ எடை வரும். விரித்த சிறகு 2 மீற்றரைத் தாண்டும். கண்ணை மறைக்கும் தோல் தொப்பிக்குத் 'தொமகா' என்று பெயர், தடித்த கையுறைக்குப் 'பியலாய்'. இவ்வளவு எடையைக் குதிரையில் இருந்துகொண்டு நாள் முழுக்க ஒரு கையில் ஏந்த முடியுமா? முடியாது. அதனால் சேணத்தில் ஊன்றிக் கையைத் தாங்குகிற கவைக்கம்பு ஒன்று இருக்கும். அதற்குப் 'பல்தாக்' என்று பெயர். எந்தப் படத்திலும் முதலில் என் கண் அந்தக் கம்பைத்தான் தேடும். பொறியியல் படித்தவனின் பழக்கம் அது, மன்னியுங்கள்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த விடயம் பறவையின் பதம். நம் வீட்டில் அம்மம்மாமார் பாகு காய்ச்சும்போது கம்பிப் பதம் பார்ப்பார்களே, கிட்டத்தட்ட அதே வேலை. கோடையில் கழுகு இறகு உதிர்த்துப் புதிதாக முளைக்கவிடும். அப்போது அதற்கு நிறையத் தீனி கொடுத்துச் சும்மா விட்டுவிடுவார்கள். இலையுதிர் காலம் வந்ததும் மெல்ல மெல்ல எடையைக் குறைக்க வேண்டும். அதற்கு இரத்தம் முழுவதும் போகும்வரை இறைச்சியைத் தண்ணீரில் ஊறவைத்து, வெளிறிப்போனதைக் கொடுப்பார்கள். அதற்கு 'அக் ஜெம்', அதாவது வெள்ளைத் தீனி, என்று பெயர். வயிறு நிறையும், கொழுப்பு ஏறாது. தராசு கிடையாது. நெஞ்செலும்பின் இரண்டு பக்கத்துத் தசையையும் விரலால் தடவிப் பார்த்துத்தான் கணக்கு. கொழுத்த கழுகு பறந்துபோய் ஒரு பாறையில் உட்கார்ந்துகொண்டு, நீங்கள் தொண்டை கிழியக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்காது. பட்டினியால் மெலிந்த கழுகு நரியோடு மல்லுக்கு நின்று காயப்படும், இல்லையென்றால் குளிரில் சாகும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியில் ஒரு பறவையை நான்கு மாதம் பிடித்து வைத்திருப்பதுதான் இந்தக் கலையின் பெரும்பகுதி.

இப்போது ஒரு வறண்ட ஆண்டை எடுத்துக்கொள்வோம். கோடை மழை பொய்க்கிறது. புல் விரலளவுக்கு மேல் வளரவில்லை. அந்தப் புல்லை நம்பி இருக்கிற எலிகள் குறைகின்றன, எலிகளை நம்பி இருக்கிற நரிகளின் குட்டிகளில் தப்புவது குறைகிறது. வேட்டைக்காரருக்கு இது ஆவணியிலேயே தெரிந்துவிடும். ஆனால் அவருக்கு அப்போது நரியைப் பற்றி யோசிக்க நேரம் இருக்காது. ஏனென்றால் அவர் முதலில் ஒரு மேய்ப்பர். செம்மறியும் வெள்ளாடும் மாடும் குதிரையும் கோடையில் சேர்க்கிற கொழுப்பை வைத்துத்தான் அடுத்த சித்திரை, வைகாசி வரை உயிர் தப்ப வேண்டும். புல் இல்லாத கோடைக்குப் பிறகு, வழக்கமான ஒரு குளிர்காலம்கூட மந்தையைக் கொன்றுவிடும். மங்கோலிய மொழியில் இதற்குச் 'சுத்' என்று பெயர். கடும்பனியில் புல் புதைந்துபோனால் வெள்ளைச் சுத். பனி உருகி உறைந்து கண்ணாடிபோல் மூடினால் இரும்புச் சுத். பனியே விழாவிட்டால் கறுப்புச் சுத். குளிர்கால மேய்ச்சல் நிலங்களில் கிணறு எல்லா இடத்திலும் இருக்காது. ஆடுகள் பனியைத் தின்றே தாகம் தீர்க்கும். பனி இல்லாவிட்டால் அவற்றுக்குத் தண்ணீர் இல்லை.

ஆக, வேட்டைக்காரருக்கும் அவருடைய ஆட்டுக்கும் தேவை ஒன்றேதான். அளவான பனி. அது வராத ஆண்டில் வீட்டில் என்ன நடக்கும்? கழுகுக்குத் தினமும் இறைச்சி வேண்டும். முயலும் எலியும் கிடைக்காதபோது அது மந்தையில் இருந்துதான் வர வேண்டும், அந்த மந்தையே சுருங்கிக்கொண்டிருக்கும். குதிரை மெலிந்து போயிருக்கும். முகட்டுக்கு ஏறினால்தானே கழுகை மேலிருந்து விட முடியும்? மெலிந்த குதிரை பாதி வழியில் நின்றுவிடும். வேட்டை தனியாள் வேலையும் இல்லை. ஒருவர் கழுகோடு உச்சியில் நிற்க, மற்றவர் கீழே குதிரையில் போய் நரியைக் கிளப்ப வேண்டும். வறண்ட ஆண்டில் அந்தக் கூட்டாளி புல் தேடி மந்தையோடு நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் தள்ளிப் போயிருப்பார். தப்பித்தவறி எல்லாம் கூடிவந்தாலும், பழுப்பு நிற மலையில் பழுப்பு நிற நரி. காய்ந்த கற்களில் குதிரைக் குளம்பு தட்டுகிற சத்தம் அதற்கு முன்பே கேட்டுவிடும்.

பல நாட்கள் வெறுங்கையோடு திரும்புவதில் இன்னொரு சிக்கல் உண்டு. பிடித்தால்தான் கழுகுக்கு உற்சாகம். விட்டு விட்டுத் தவறினால் அது மனிதனோடு வேட்டைக்குப் போவது வீண் என்று பழகிவிடும். அப்போது மறுபடி நரித்தோலைக் கயிற்றில் கட்டி இழுத்துப் பழக்க வேண்டும். அந்தத் தோலுக்குச் 'ஷிர்கா' என்று பெயர். குதிரை ஓட வேண்டும், இறைச்சி வேண்டும், நாள் வேண்டும். மூன்றும் இல்லாத ஆண்டு அது. சில வேட்டைக்காரர் அப்படியான நேரத்தில் செய்யக்கூடிய ஒரே நல்ல காரியம் கழுகை முன்கூட்டியே விடுதலை செய்வதுதான். வழக்கமாக ஏறத்தாழ பத்து ஆண்டுகள் வைத்திருந்துவிட்டு, ஒரு வசந்த காலத்தில் மலையில் ஓர் ஆட்டை வெட்டி வைத்துவிட்டு வருவார்கள். அது இன்னும் இனப்பெருக்கம் செய்யும் வயதில் போக வேண்டும் என்பது அவர்களின் முறை.

சமூக ஊடகங்களில் நீங்கள் பார்த்திருக்கும் படம் ஒன்றுதான்: நரித்தோல் தொப்பி, வெள்ளைக் குதிரை, விரித்த சிறகு, பின்னால் பனிமலை. அந்த வீட்டு ஆடுகளின் கணக்கு படத்தில் வராது. எனக்கு அந்தக் கணக்கு இல்லாமல் இந்தக் கதை விளங்கவில்லை.

கசாக்கியர் கால்நடை கூட்டம் கூட்டமாகச் சாவதை 'ஜுட்' என்பார்கள். ஜுட்டுக்கு ஏழு சகோதரர் என்று அவர்களிடம் ஒரு பழமொழி இருக்கிறது. ஒரு கேடு தனியாக வராது என்று பொருள். நம்மூரில் பட்ட காலிலே படும் என்பதுபோல. வறட்சி அந்த ஏழு பேரில் ஒருவர் மட்டும்தான். 1931இல் கசாக் புல்வெளியில் கடும் வறட்சி வந்தது. அதற்கு முன்பும் எத்தனையோ ஜுட்களை அவர்கள் கடந்திருந்தார்கள். மருந்து எப்போதும் ஒன்றுதான்: கூடாரத்தைப் பிரித்து, மழை பெய்த பக்கம் போவது. ஆனால் 1931இல் அந்த மருந்தைச் சோவியத் அரசு பறித்துவிட்டது. 1928இல் வசதியான மேய்ப்பர்களின் மந்தைகளைப் பறிமுதல் செய்தார்கள். அடுத்து எல்லாரையும் கூட்டுப்பண்ணைக்குள் தள்ளி, அலைந்து திரிகிறவர்களை ஓரிடத்தில் குடியேற்றினார்கள். இறைச்சிக்கும் தானியத்துக்கும் அரசு விதித்த அளவைக் கட்டியே ஆக வேண்டும். 1930 முதல் 1933 வரையான பஞ்சத்தில் ஏறத்தாழ 15 இலட்சம் பேர் இறந்தார்கள், அவர்களில் 13 இலட்சம் அளவானவர்கள் கசாக்கியர். அதாவது கசாக் இனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். கால்நடைகளில் பத்துக்கு ஒன்பது போய்விட்டன. பத்து இலட்சத்துக்கும் அதிகமானோர் எல்லை தாண்டி ஓடினார்கள். சீன எல்லையில் ஓடியவர்கள்மேல் காவலர் சுட்டார்கள். பஞ்சம் முடிந்தபோது கசாக்கியர் தங்கள் சொந்தக் குடியரசிலேயே சிறுபான்மை ஆகியிருந்தார்கள்.

வறட்சியைப் பஞ்சமாக்கியது வானம் இல்லை என்பதுதான் என் முடிவு. இதைச் சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை. 'இயற்கை அழிவு' என்று பாடப்புத்தகம் ஒன்றில் வாசித்தால், அந்த ஆண்டு மக்களுக்கு நகர உரிமை இருந்ததா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

கழுகு வேட்டைக்கு வருவோம். குதிரை இல்லாதவர் கழுகை எங்கே கொண்டுபோவார்? பிள்ளைக்குச் சோறில்லாத வீட்டில் பறவைக்கு யார் இறைச்சி கொடுப்பார்? தகப்பனிடம் இருந்து மகன் பழகுகிற கலை இது. பாடநூல் கிடையாது. ஒரு தலைமுறை செத்தும் சிதறியும் போனால் விரல்நுனியில் இருந்த கணக்கும் கூடவே போய்விடும். கசாக்ஸ்தானில் அது முற்றாக அழியவில்லை. அல்மாத்திக்குக் கிழக்கே சில வேட்டைக்காரர்கள் அதைக் காப்பாற்றி வைத்திருந்தார்கள். ஆனால் ஊருக்கு ஊர் இருந்த காலம் போய்விட்டது.

மலைக்கு அந்தப் பக்கம் கதை வேறு. இன்றைய பாயன்-உல்கீ கசாக்கியரின் முன்னோர் பெரும்பாலும் பஞ்சத்துக்கு முன்பே, 1860களில் இருந்து, இன்றைய சீனாவின் சிஞ்சியாங் பக்கமிருந்து அல்தாயைத் தாண்டிக் கோடை மேய்ச்சலுக்கு வரத் தொடங்கியவர்கள். புல்லுக்காக வந்தார்கள், தங்கினார்கள், பிறகு பெரிய நாடுகள் எல்லைக்கோடு போட்டபோது கோட்டுக்கு இந்தப் பக்கம் அகப்பட்டுக்கொண்டார்கள். 1940இல் அவர்களுக்கென்று மாகாணம் அமைந்தது. சொர்க்கம் ஒன்றும் இல்லை. 1930களின் இறுதியில் மங்கோலியாவில் நடந்த அரசியல் களையெடுப்பில் கசாக்கியரும் கொல்லப்பட்டார்கள். 1950களில் அங்கேயும் கூட்டுப்பண்ணை வந்தது. ஆனால் ஒரு பெரிய வித்தியாசம்: மந்தை கூட்டுப்பண்ணையின் சொத்தாக ஆன பிறகும், மேய்ப்பர் பருவத்துக்குப் பருவம் இடம் மாறிக்கொண்டே இருந்தார். குதிரை இருந்தது, குளிர்கால முகாம் இருந்தது, குளிருக்கு நரித்தோல் தொப்பி தேவையாக இருந்தது. அதனால் கழுகும் இருந்தது.

என் வேலையில் பேக்கப் என்று ஒன்று உண்டு. ஒரே தரவின் பிரதியை வேறொரு ஊரில் இன்னொரு சேர்வரில் வைப்போம். இங்கே தீப்பிடித்தால் அங்கே இருக்கும். அல்தாயின் மறுபக்கத்துக் கசாக்கியர், யாரும் திட்டம் போடாமலே உண்டான பேக்கப். அவர்கள் தங்களை அப்படி நினைத்திருக்க மாட்டார்கள். அவர்களுக்கு அது வீட்டு வேலை, கார்த்திகையில் செய்கிற ஒன்று, அவ்வளவுதான்.

1991இல் சோவியத் ஒன்றியம் உடைந்து கசாக்ஸ்தான் தனிநாடானது. 1992இல் வந்த கொடியில் நீல நிறத்தில் சூரியனும், அதன் கீழே சிறகு விரித்த கழுகும். வெளியே இருக்கும் கசாக்கியர் எல்லாரும் வாருங்கள் என்று அரசு அழைத்தது. மங்கோலியாவில் இருந்து பல்லாயிரம் பேர் போனார்கள். போன இடத்தில் அவர்களுக்கு 'ஓரல்மன்' என்று பெயர், திரும்பி வந்தவர் என்று அர்த்தம். பிறந்தது மங்கோலியாவில், பாட்டன் பிறந்ததும் அங்கேதான். எங்கிருந்து எங்கே திரும்பினார்கள்? அவர்கள் பேசிய கசாக் சுத்தமாக இருந்தது. ஆனால் நகரத்து அலுவலகங்களில் வேலை நடந்தது ரஷ்ய மொழியில், அது இவர்களுக்குச் சரியாக வராது. தாய்மொழியை நன்றாகப் பேசினதாலேயே தாய்நாட்டில் வெளியாள் ஆகிற கூத்து. வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் படித்துவிட்டு யாழ்ப்பாணத்துக்கோ சென்னைக்கோ போய்த் தமிழில் கதைக்க, ஆங்கிலத்தில் பதில் வாங்கிய உங்களில் பலருக்கு இது விளங்கும். அந்தச் சொல் பிறகு ஓர் இழிசொல்போல ஆகிவிட்டதால், 2021இல் இருந்து சட்டத்தில் அதற்குப் பதிலாக 'கண்டஸ்' என்று வைத்தார்கள். ஒரே இரத்தம் என்று பொருள்.

இன்னொரு சின்னத் தகவல். யுனெஸ்கோ 2010இல் வேட்டைப் பறவைக் கலையை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபாகப் பட்டியலிட்டபோது அதில் 11 நாடுகள் இருந்தன. மங்கோலியா அதில் உண்டு. கொடியில் கழுகை வைத்திருந்த கசாக்ஸ்தான் 2016இல்தான் சேர்ந்தது.

ஆனால் பேக்கப்பும் பழசாகும். 2009 கோடையில் மங்கோலியாவில் வறட்சி, பின்னால் வந்த குளிர்காலம் கொடூரம். நாடு முழுவதும் ஏறத்தாழ ஒரு கோடி கால்நடைகள் இறந்தன. 1999 முதல் 2002 வரை அடுத்தடுத்து மூன்று குளிர்காலம் இதே கதை. 2023-24 குளிர்காலத்தில் மறுபடி 70 இலட்சத்துக்கு மேல். 1940க்குப் பிறகு மங்கோலியாவின் சராசரி வெப்பநிலை 2 பாகைக்கும் அதிகமாக ஏறியிருக்கிறது, உலகச் சராசரியைவிட மிக வேகமாக. பத்து ஆண்டுக்கு ஒருமுறை என்று சொல்லப்பட்ட சுத் இப்போது அடிக்கடி வருகிறது. மந்தையை இழந்தவர் உலான்பாத்தருக்குப் போய் நகரத்தின் ஓரத்தில் கூடாரம் அடிக்கிறார். அங்கே கழுகுக்கு இடமில்லை. 1931இல் நகரத் தடை இருந்தது. இப்போது தடை இல்லை, ஆனால் போகிற பக்கத்திலும் புல் இல்லை.

1999இல் பாயன்-உல்கீயில் பொன்னாங்கழுகுத் திருவிழா தொடங்கியது. ஒவ்வொரு ஆண்டும் ஒக்டோபர் தொடக்கத்தில் நடக்கும். 2016இல் வந்த ஓர் ஆவணப்படம், ஐஷோல்பான் என்ற பதின்ம வயதுப் பெண் அந்தத் திருவிழாவில் போட்டியிட்டதைக் காட்டியது. அதற்குப் பிறகு வெளிநாட்டுக் கூட்டம் இன்னும் கூடியது. கழுகை விழாவுக்கு மட்டும் வளர்த்து, குளிர்காலத்தில் வேட்டைக்கே போகாதவர்கள் பெருகிவிட்டார்கள் என்று மூத்தவர்கள் குறைப்படுவது உண்டு. அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் வாடகை மண்டபத்தில் அரங்கேற்றம் பார்த்து வளர்ந்த எனக்கு அந்தத் திருவிழாவை இளக்காரமாகப் பார்க்க மனம் வராது. ஆடு செத்த ஆண்டில் அந்த வீட்டுக்கு வருகிற காசு சுற்றுலாப் பயணியுடையதாகவும் இருக்கலாம். அதில் வைக்கோல் வாங்கலாம்.

திருவிழாவில் முக்கியமான போட்டிகள் இரண்டு. ஒன்றில் மலை உச்சியில் இருந்து விட்ட கழுகு, கீழே குதிரையில் கூப்பிடுகிறவரின் கையில் வந்து இறங்க வேண்டும். மற்றதில் குதிரை இழுத்துக்கொண்டு ஓடுகிற நரித்தோலை அது பாய்ந்து பிடிக்க வேண்டும். இரண்டுக்கும் பனி தேவையில்லை. காய்ந்த மஞ்சள் தரையில், புழுதி பறக்க, எல்லாம் நடந்து முடியும். பயணிகள் விமானம் ஏறிப் போன பிறகு சிலர் வீட்டுக்குப் போய் இறைச்சியைத் தண்ணீரில் ஊறப்போடுவார்கள். நெஞ்செலும்பைத் தடவிப் பார்ப்பார்கள். பிறகு கார்த்திகை முழுக்க, காலையில் கதவைத் திறந்ததும், முகட்டில் வெள்ளை தெரிகிறதா என்று பார்ப்பார்கள்.